உன் அப்பா கழற்றி வைத்த படங்கு

அன்புள்ள மகனுக்கு,

முதலில் ஒரு திருத்தம். நான் மரத்தில் ஏறவில்லை. பண்டாரவளையில் உன் அத்தை ஆரம்பித்து வைத்த கதை இப்போது ஹாலிஎலயில் பூசை முடிந்து வெளியே வருகிறவர்கள் வாயிலும் இருக்கிறது. எழுபத்து நான்கு வயதில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் மரம் அறுக்கிற மெஷினோடு பலா மரத்துக் கவட்டில் நான் நின்றேனாம். "அண்ணிக்கு இப்ப கொஞ்சம் ஒரு மாதிரி, பாத்துக்கங்க" என்று உனக்கும் சொல்லியிருப்பாள். என் இரண்டு காலும் தரையில் இருந்தன. நான் அறுத்தது காற்றில் முறிந்து விழுந்து கிடந்த கிளையை. புடவையும் கட்டியிருக்கவில்லை, உன் அப்பாவின் காக்கிக் காற்சட்டையைப் பெல்ட் போட்டு இறுக்கியிருந்தேன். இதை உன் அத்தையிடம் சொன்னால் மரம் ஏறியதைவிடப் பெரிய கதையாகிவிடும் என்பதால் சொல்லவில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

மரம் வெட்ட வந்த மனிதரை நான் விரட்டிவிட்டேன் என்பதும் பாதிதான் உண்மை. மடுல்சீமையிலிருந்து வந்த முனியாண்டி, கயிறும் செயின்சோவும் தோளில் போட்டுக்கொண்டு, இரப்பர் செருப்போடு கேட்டில் நின்றார். "செருப்போடயா மரம் வெட்ட வந்தீங்க?" என்று கேட்டேன். "கிளாக்கரம்மா, நான் பொறந்ததுலேருந்தே இப்படித்தாங்க" என்றார். "பொறக்கறப்பவே செருப்பு போட்டிருந்தீங்களா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். சப்பாத்து போட்டுக்கொண்டு வந்தால் வேலை தருகிறேன், இல்லையென்றால் தேநீர் மட்டும்தான் என்றேன். தேநீர் குடித்துவிட்டுப் போனார். வியாழக்கிழமை மச்சானின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்து, கூரைப் பக்கம் சாய்ந்திருந்த இரண்டு சவுக்கு மரங்களையும் கயிறு கட்டி ஒழுங்காக இறக்கினார். ஊரில் வியாழக்கிழமையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் அந்தக் கதைகள் அல்ல. போன ஞாயிற்றுக்கிழமை நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம். பண்டாரவளைப் பக்கம் நீங்கள் வாங்கிய அந்தத் துண்டு நிலம் காடேறிக் கிடக்கிறது என்று மருமகள் சொல்லியிருந்தாள். அங்கே புது வீட்டுக்குக் குடிபோவதற்கு முன்னால் விடுமுறை நாட்களில் நீயே துப்புரவு செய்யப் போகிறாய் என்றும் சொன்னாள். படத்தில் நீ சவுக்கு மரத்தில் சாத்திய ஏணியின் மேல் படியில் நிற்கிறாய். அரைக் காற்சட்டை, செருப்பு. ஒரு கையில் பெற்றோல் செயின்சோ, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி. மற்றக் கை மருமகளின் கமராவுக்கு டாட்டா காட்டுகிறது. படத்துக்குக் கீழே எழுதியிருந்தாய்: "பயப்படாதீங்கம்மா. நான் அப்பா மாதிரி இல்ல, கவனமா இருப்பேன்."

அந்த வரியை நான் பலமுறை படித்தேன். அதற்குப் பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியாது. ஆனால் அந்தப் பதிலுக்கு முன் மெஷின் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ பின்பாதியைப் படித்துவிட்டு முன்பாதியை விட்டுவிடுவாய்.

நான் பதுளையில் மெஷின் வாங்கப் போனபோது கடை முதலாளி, முஸ்லிம் மனிதர், நல்ல மரியாதைக்காரர், முதலில் எடுத்து வைத்தது கடையிலேயே பெரியதை. "இது எந்தப் பெரிய மரத்தையும் அறுக்கும்மா" என்றார். பெரிய மரம் அறுக்க நான் வரவில்லை என்றேன். "அப்ப மகனுக்கா?" "எனக்கு." "அல்லாஹ்வே!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. ஒவ்வொன்றாக வாங்கி, இரண்டு கையாலும் இடுப்பு உயரத்தில் பிடித்து, பத்துத் தடவை அருள்நிறை மரியே ஜெபம் சொன்னேன். பத்து முடிவதற்குள் கை நடுங்கினால் அந்த மெஷின் எனக்கு வேண்டாம். மூன்றாவதாகப் பிடித்தது பற்றறியில் ஓடுகிற சிறியது. தகடு என் முன்கையைவிடக் குட்டை. பத்தாவது மரியே வரை கை அசையவில்லை. "அம்மா ஓதித்தான் சாமான் வாங்குறாங்க" என்று கடைப் பையன்களிடம் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும். நீயும் அப்படியே செய்து பார். நீ ஜெபமாலை சொல்லி எத்தனை வருடமோ தெரியாது, ஆனால் பத்து மணி மறந்திருக்க மாட்டாய்.

மரத்தின் பருமனைப் பார்த்துத்தான் மெஷின் வாங்க வேண்டும். வாங்குகிறவனின் ஆசையைப் பார்த்து அல்ல. உன் நிலத்தில் நீ கை வைக்க வேண்டியது கொப்புகளும், கைப்பருமன் கிளைகளும், பற்றைப் புதர்களும்தான். அதற்குப் பற்றறி மெஷின் போதும். புகை இல்லை, கயிறு இழுத்துத் தோள் நோவ வேண்டியதில்லை, விசையை விட்டால் நின்றுவிடும். சுவரில் செருகுகிற வயர் மெஷின் வேண்டாம். நம் பக்கத்து ஈரப் புல்லில் அந்த வயர் எங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே யாராலும் வேலை செய்ய முடியாது. உன் நண்பன் இரவல் கொடுத்ததாக மருமகள் சொன்ன அந்தப் பெற்றோல் மெஷின் மரம் இறக்குகிறவர்களின் சாமான். அதைத் திருப்பிக் கொடு. வைத்துக்கொள்வதென்றால், சூடு ஆறிய பிறகுதான் பெற்றோல் ஊற்ற வேண்டும், ஊற்றிய இடத்திலேயே நின்று ஸ்டார்ட் செய்யக் கூடாது, தரையில் வைத்துக் காலால் அழுத்திக்கொண்டுதான் கயிறு இழுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கவிட்டு இழுக்கிற வித்தையை உன் வயதுக்காரர்கள் எங்கே கற்றுக்கொள்கிறீர்களோ எனக்குத் தெரியாது.

எந்தச் செயின்சோவானாலும் இரண்டு கை. ஒற்றைக் கையால் பிடிக்க வேண்டியிருக்கிறதென்றால் நீ நிற்கிற இடம் தப்பு. தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது. ஏணியில் நின்று அறுக்கவே கூடாது. உயரக் கிளைக்கு நீண்ட கம்பு பூட்டிய வாள் விற்கிறார்கள், தரையில் நின்றே எட்டும். கிளைக்கு நேர் கீழே மட்டும் நிற்காதே. தகட்டின் மேல் நுனி எதிலாவது பட்டால் மெஷின் உதைத்துக்கொண்டு முகத்துக்கு வரும். முன்னால் இருக்கிற கைக்காப்புத்தான் அப்போது சங்கிலியை நிறுத்துகிற பிரேக். அது வேலை செய்கிறதா என்று அறுக்கத் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பார். கிளையை அறுக்கும்போது அடியில் கொஞ்சம் கீறிவிட்டு, பிறகு மேலிருந்து அறு. இல்லாவிட்டால் பாரத்தில் பட்டை அடிமரம்வரை உரிந்து வரும். சரிவில் கிடக்கிற கட்டையை அறுத்தால் நீ மேட்டுப் பக்கம் நிற்க வேண்டும். கட்டை உருளும், அதற்கு உன் கால் எது என்று தெரியாது. அறுக்கும்போது சீவல் சீவலாக வந்தால் பல் கூராக இருக்கிறது. மாவு போல வந்தால் நிறுத்து. மழுங்கிய சங்கிலிக்கு ஆள் பலத்தைக் கொடுப்பான், பலம் கொடுக்கும்போதுதான் கை வழுக்கும். சங்கிலியைத் தொடுவதற்கு முன் பற்றறியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள். மெஷினை நிறுத்தினால் போதாது.

லைட் கம்பிக்குப் பக்கத்தில் போகிற கிளையை நீயும் தொடாதே, கூலிக்கு வருகிறவரையும் தொடவிடாதே. மின்சார அலுவலகத்துக்கு எழுதிக் கொடு. பலா மரத்தில் கை வைப்பதென்றால் முதலில் பிரதேச செயலகத்தில் அனுமதி கேள். உன் தொடையைவிடப் பருமனான மரம் எதுவும் உன் வேலை அல்ல, முனியாண்டியின் வேலை. நம்பர் அனுப்புகிறேன். பூட்ஸோடு வரச் சொல். தனியாக வேலை செய்யாதே. மருமகள் வீட்டில் இருக்க வேண்டும், படம் எடுப்பதற்கல்ல.

இனிப் புல்வெட்டி மெஷின். இதைத்தான் நீ சாதாரணமாக நினைப்பாய். மரம் அறுக்கிறதைப் பார்த்து எல்லாருக்கும் பயம் வரும், புல் வெட்டுகிறதைப் பார்த்து யாருக்கும் வராது. காடேறிய நிலத்தில் மெஷினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் ஒரு முறை கம்பால் தட்டித் தட்டி நட. கல், போத்தல், பழைய கம்பி, எது கிடந்தாலும் பொறுக்கு. வேலி ஓரத்தில் தங்கூசி என்கிற நைலோன் நூல் சுற்றுகிற தலைதான் பூட்ட வேண்டும். இரும்புத் தகடு வேலி ஓரத்துக்குக் கூடாது. அந்த நூல் கம்பியில் பட்டால் அறுந்துபோகும். இரும்பு அப்படி இல்லை, கம்பியைத் துண்டாக்கித் தெறிக்க விடும். அதோடு, ஐம்பது அடிக்குள் யாரும் நிற்கக் கூடாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். பெரும்பகுதி உன் அப்பா சொன்னது. இப்போது அந்த வரிக்கு வருகிறேன்.

நீ வாங்கிக் கொடுத்த புல்வெட்டியை உன் அப்பா எப்படிப் பயன்படுத்தினார் என்பதை நீ ஒரு நாளும் பார்த்ததில்லை. நீ கொழும்பில் இருந்தாய். நான் சொல்கிறேன். மெஷினோடு வந்த புத்தகத்தை முதலில் மேசையில் வைத்து, பென்சிலால் கோடு போட்டுப் படித்தார். தோட்டத்து ஒபீஸில் பெரிய கிளாக்கராக இருந்த காலத்தில் எத்தனை விபத்து அறிக்கைகளை அவர் கையாலேயே எழுதியிருப்பார். வேலைக்கு இறங்கும்போது நீ வாங்கிக் கொடுத்த, முகம் முழுவதையும் மறைக்கிற முகக்கண்ணாடி, காதுக்கு மூடி, தேயிலை மலைக்கு வேலைக்குப் போகிறவர்களின் பூட்ஸ். இவற்றுக்கு மேல், இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை ஒரு படங்கு. தேயிலைச் செடி கீறாமல் இருக்கக் கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிறார்களே, அதேதான். பழைய இரப்பர் சீட்டில் தானே வெட்டிக்கொண்டார். "கொழுந்தெடுக்கிற பொம்பளைங்களுக்கு இருக்கிற புத்தி எனக்கும் இருக்கட்டுமே" என்பார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள், பெரிய கிளாக்கர் மனைவி. ஒபீஸுக்கு வெள்ளைச் சட்டையும் டையும் கட்டிப் போன மனிதர், ஓய்வு பெற்ற பிறகு ரோட்டோரத்தில் படங்கு கட்டிக்கொண்டு நிற்கிறார். பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து ஸ்டாஃப் பங்களாவுக்கு வர நம் இரண்டு குடும்பமும் எவ்வளவு பாடுபட்டது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் படங்கு என் கண்ணில் குத்தியது. அப்போது நான் அதை மானம் என்று நினைத்தேன். அது என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். என் அம்மா முப்பது வருடம் இடுப்பில் கட்டியிருந்த துணியைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை, பதுளைக்கு வந்திருந்த பெரிய துரை, நம் தோட்டத்து மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், நாலு மணிக்கு நம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார். உன் அப்பா காலையிலிருந்து முன்பக்கத்து மேட்டில் மானாப்புல் வெட்டிக்கொண்டிருந்தார். அது தடித்த புல், நூலுக்கு மசியாது; அதனால் இரும்புத் தகடு பூட்டியிருந்தார். பழைய ஆட்டு வேலி ஓடிய ஓரத்தை மட்டும் தொடாமல் விட்டிருந்தார். தகட்டை மாற்றிவிட்டு, ஓரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை நூலால் வெட்டுவேன் என்றார். மூன்று மணிக்கு நான் கேட்டுக்குப் போனேன்.

"அதையெல்லாம் கழட்டி வைங்க. லயத்து ஆள் மாதிரி நிக்கிறீங்க. தொரை வர்ற நேரம்."

"தொரைக்குப் படங்கு தெரியாதா? அவரு பாக்காத படங்கா?"

"அவருக்குத் தெரியும். அதனாலதான் சொல்றேன், கழட்டுங்க."

கழற்றினார். குளித்தார். வெள்ளைச் சட்டையும் சாரமும் உடுத்திக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஜன்னலால் பார்த்தேன். மேடு முழுவதும் மழமழவென்று இருக்க, வேலி ஓரத்தில் மட்டும் ஒரு பட்டை புல் நின்றது. என் கண் அதை விட்டு நகரவில்லை. நீ வளர்ந்தவன், என்னைப் பற்றி உனக்குத் தெரியும்.

"பாதி மொட்டை அடிச்ச தலை மாதிரி இருக்கு. அந்த ஓரத்த மட்டும் ஒரு இழுப்பு இழுத்துட்டு வந்துருங்களேன்."

"சட்டை மாத்திட்டேனேம்மா."

"அஞ்சு நிமிசம். அதுக்காகத் திரும்பவும் அந்த வேஷம் கட்டணுமா?"

அவர் என்னைப் பார்த்தார். எழுந்து போனார். வெள்ளைச் சட்டை, செருப்பு. முகத்தில் கண்ணாடி இல்லை, மெஷினில் இரும்புத் தகடு அப்படியே இருந்தது. மெஷின் சத்தம் இரண்டு நிமிடம்கூடக் கேட்டிருக்காது. புல்லுக்குள் கிடந்த முள்ளுக்கம்பித் துண்டு தகட்டில் பட்டுத் தெறித்தது, விரல் நீளம்கூட இல்லை.

மற்றது உனக்குத் தெரியும். இல்லை, தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். மறுநாள் மத்தியானம் நீ பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்தவரைப் பார்த்துக் கத்தினாய். "முகக்கண்ணாடி எங்கப்பா? வாங்கிக் குடுத்தது எதுக்கு, சொவத்துல மாட்டவா?" அவர், "போடலடா, மறந்துட்டேன்" என்றார். நான் கட்டிலுக்கு மறுபக்கம் பிளாஸ்கிலிருந்து ஹோர்லிக்ஸ் ஊற்றிக்கொண்டிருந்தேன். நீ என் பக்கம் திரும்பினாய். "அவருக்கு எப்பவும் அவசரம்" என்றேன். இதைச் சொன்னது நான். கப்பில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஊற்றிக்கொண்டே சொன்னேன்.

அந்தக் கண் திரும்பவில்லை. நீ மெஷினைக் கொழும்புக்கு எடுத்துக்கொண்டு போய் யாருக்கோ கொடுத்துவிட்டாய். அதன் பிறகு வந்த நாலு வருடமும் அவர் கையில் ஒரு கத்தரிக்கோல் எடுத்தாலும், "அப்பா, வைங்கப்பா" என்பாய். அவர் வைத்துவிடுவார். வாழ்நாளில் ஒரு கூட்டலைக்கூட இரண்டாம் முறை சரிபார்க்காமல் விடாத மனிதர், மகன் கண்ணில் அசட்டையான மனிதராக மாரடைப்பு வந்து செத்துப்போனார். அடக்கத்தன்று சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "அப்பா எல்லாத்திலயும் கவனமானவர், ஒரு நாளத் தவிர" என்று நீ பேசினாய். எல்லாரும் அழுதார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

ஒரு தடவை அவரிடம் கேட்டேன், ஏன் அவனிடம் சொல்லவில்லை என்று. "சொன்னா கண்ணு வந்துருமா? என்னத்தான் திட்டிட்டான். உன்கிட்டயாச்சும் அவன் பேசிக்கிட்டு இருக்கட்டும்" என்றார். பிறகு, "சொல்றதுன்னா நீ சொல்லு" என்றார். அவர் உயிரோடு இருக்கும்போது நான் சொல்லியிருக்க வேண்டும். அப்போது நீ அவரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பாய். அவருக்கு அது கிடைத்திருக்கும். அதை நான் இரண்டு பேரிடமிருந்தும் எடுத்துக்கொண்டேன். வயதானவள் என்று நினைத்து இதை லேசாக்காதே.

ஆகவே அந்த வரியைத் திருத்து. நீ அப்பா மாதிரி இல்லை என்பது சரி. ஏணியில் அரைக் காற்சட்டையோடு ஒற்றைக் கையில் மெஷின் பிடிக்கிற மனிதர் அல்ல அவர். நீ அப்பா மாதிரி இருந்தால் நான் பயமில்லாமல் தூங்குவேன். அவரைப் போலப் புத்தகத்தைப் படி. அவரைப் போல உடுத்து. முகக்கண்ணாடிக்கு உள்ளே தனியாக ஒரு காப்புக் கண்ணாடியும் போடு. செயின்சோவுக்கென்று காலில் கட்டுகிற தடித்த உறை விற்கிறார்கள். அதற்குள் இருக்கிற நார் சங்கிலியில் சிக்கி அதை நிறுத்திவிடுமாம், அதை வாங்கு. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அப்படியே நின்று பேசு. மருமகள் ஏதாவது சொன்னால், மாமி சொன்னார் என்று சொல். யார் கழற்றச் சொன்னாலும், நானே சொன்னாலும், மெஷின் நிற்கும்வரை கழற்றாதே.

அடுத்த வாரம் நீ போன் எடுப்பாய் என்று தெரியும். போனில் நீ "சரிம்மா, சரிம்மா, விடுங்கம்மா" என்பாய், எனக்கும் விட்டுவிடலாம் போல இருக்கும். அதனால் போன் வேண்டாம். உன் அப்பாவைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறாய் என்றும், என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்றும் தாளில் எழுது. கோபமென்றால் கோபத்தையே எழுது, நான் வாசிப்பேன். ஏணியை விட்டு இறங்கிவிட்டாயா என்பதையும் அதில் சேர்த்து எழுது. தபாலில் போடு, நான் காத்திருக்கிறேன்.

அம்மா